பட்டுப்புடவையோடு வந்து போர்டு பார்த்த பெண்

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கூரை போட்ட எங்கள் பாலிஹவுஸில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

ரோஜாக் குச்சி நட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேர் பிடிக்கும்வரை வெயில் நேரத்தில் பனி மாதிரித் தண்ணீர் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பகல் தவறினால் மொத்தமும் கருகிவிடும். முன்பு இதே இடத்தில் தக்காளி போட்டோம். தக்காளிக்கு இந்தச் செல்லமெல்லாம் கிடையாது, வாய்க்காலில் விட்டால் குடித்துக்கொள்ளும். சரி, அது வேறு கதை. ரோஜாவுக்காக மகன் பாத்திக்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டும், அதற்கெல்லாம் வேலை சொல்ல ஷெட்டில் ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருந்தான். போர்டே நேரம் பார்த்துத் தண்ணீரைத் திறந்து மூடும். மகன் அப்போது லாரியோடு வெளியூர் போயிருந்தான்.

பூஜை அன்று சாயங்காலம் வழக்கப்படி மோட்டார், மண்வெட்டி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நிறுத்தி, கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். காலையில் மறுபடி மாட்டி சுவிட்ச் போட்டால் போர்டுகளில் விளக்கு எரிகிறது, தண்ணீர் வரவில்லை.

போர்டு கொடுத்த ஓசூர் கம்பெனிக்கு மருமகள் போன் போட்டாள். லீவு நாள். எடுத்த பெண் போனிலேயே இதை அணை, அதைப் போடு என்று சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை. நானும் மனைவியும் மருமகளும் பூவாளியால் தெளித்தோம். கடைசிப் பாத்திக்குப் போவதற்குள் முதல் பாத்தி காய்ந்தது. வெயில் ஏறும் நேரத்தில் மூக்கண்டப்பள்ளியிலிருந்து அந்தப் பெண்ணே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை.

"கோயிலுக்குக் கெளம்பினேங்க தாத்தா. குச்சி காயுதுன்னு அக்கா சொன்னாங்க. சாமி எங்க போயிடும், சாயங்காலம் பாத்துக்கலாம்."

முந்தானையைச் செருகிக்கொண்டு ஷெட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு போர்டைத் தன் லேப்டாப்பில் மாட்டினாள். வயரை மாற்றினாள், கரண்ட் டப்பாவை மாற்றினாள். திரையில் எழுத்து ஓடி, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றது.

"இதுக்குச் சொந்தமா ஞாபகம் கெடையாதுங்க தாத்தா. கண்ணு முழிச்சதும் வயர் வழியா 'நான் யாரு, என் வேலை என்ன'ன்னு கேக்கும். இந்தக் கம்ப்யூட்டர்தான் பதில் சொல்லணும். இப்ப வேற யாரோ முந்திக்கிட்டு பதில் சொல்றாங்க. அவங்களுக்கு வேலை என்னன்னு தெரியல. இது முழிச்சிக்கிட்டு நிக்குது."

"எங்க ஊரு பஞ்சாயத்து மாதிரியே இருக்கு கண்ணு" என்றேன். சிரித்தாள்.

"நேத்து இங்க என்னென்ன பண்ணீங்க?"

பூஜை போட்டதைச் சொன்னோம். என் மனைவி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் பேரிகை ஊர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரி. கோபம் வந்தால் தெலுங்கு கொட்டும், பயந்தால் ஒரு பாஷையும் வராது. அந்தப் பெண்ணும் தெலுங்குக்காரிதான் போல. "அவ்வா, எங்க ஆபீஸ்ல பூஜைக்குக் கம்ப்யூட்டரைக் குளிப்பாட்டியே விட்டாங்க" என்றாள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் போர்டு வயரெல்லாம் வந்து சேருகிற பெட்டியைக் காட்டினாள்.

"வீட்டு வைஃபை டப்பாவுல இருந்து ஒரு வயரு இங்க வரைக்கும் வந்து தொங்கிட்டிருந்துச்சும்மா. இந்தப் பொட்டியில ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு. சாமி நாள்ல தொங்க வேணாமேன்னு சொருகிட்டேன்."

முந்திக்கொண்டு பதில் சொன்ன ஆள் அந்த வைஃபை டப்பாதான். அந்தப் பெண் வயரைப் பிடுங்கிவிட்டு சுவிட்சை அணைத்துப் போட்டாள். எழுத்து ஓடியது, நிற்கவில்லை. பாத்தி பாத்தியாகப் புஸ்ஸென்று பனி இறங்கியது. பார்க்க உள்ளே ஓடி வந்தவள் எங்களோடு சேர்ந்து நனைந்தாள்.

"பொடவை போச்சே கண்ணு."

"காஞ்சிடுங்க தாத்தா. அவ்வா சொல்லலைன்னா நான் இன்னும் வயரையே மாத்திக்கிட்டு இருந்திருப்பேன்."

மனைவி நெய் ஊற்றி ஒப்பட்டுப் போளி வைத்தாள், அவள் போதும் போதும் என்று கையை வைத்து மறைக்கும்வரை.

குச்சிகள் பிழைத்தன. இப்போது பூ வெட்டுகிறோம். அவள் என்ன பண்ணீங்க என்றுதான் கேட்டாள், யார் பண்ணியது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எது கெட்டாலும் இப்போது நானும் அதைக் கேட்பதில்லை. கேட்காததாலோ என்னவோ, எல்லோரும் தாங்களாகவே வந்து சொல்லிவிடுகிறார்கள்.