மைக் இல்லாத மைக் செட்

"அஞ்சே நிமிஷம் மைக்க என் கையில குடு பாய். மீதிய நான் பாத்துக்கிறேன்."

தனக்கோடி வந்து நின்றபோது கௌஸ் மைதீன் ஓர் ஆம்பிளிஃபயரின் வயிற்றைத் திறந்துபோட்டு, உப்புப் பூத்த கம்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பழவேற்காடு கடைத்தெருவில் 'கௌஸ் சவுண்ட் சர்வீஸ்' என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தர்கா கந்தூரி எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான் கத்தும்.

"மைக்கு கல்யாணத்துக்கு வரும்மா. கூட்டத்துக்கு நான் மட்டும்தான் வருவேன்" என்றார்.

தனக்கோடிக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் மணல்மேட்டுக்குப்பத்துக்காரி. ஏரியில் இறால் ஓடும் இடங்களை வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். பாடு எழுதிய பட்டியலில் பெயர் இருக்கிற வீடுதான் தன் முறை வரும்போது வலை கட்டலாம். புருஷன் லோகநாதன் மாரடைப்பில் போனதும் 'ஆம்பள இல்லாத வூடு' என்று அந்தப் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த முறையைக் கொழுந்தன் மனோஜ் தன் முறையோடு சேர்த்து அனுபவிக்கிறான். இரண்டு வருஷமாக அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறாள். மகள் கலைவாணி பொன்னேரியில் காலேஜ் படிக்கிறாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, மீன்பிடித் தடைக்காலத்தில் நடக்கும் குப்பத்துக் கூட்டத்தில்தான் பட்டியலை மாற்றி எழுதுவார்கள். இந்தக் கூட்டத்தை விட்டால் இன்னும் மூன்று வருஷம் தண்ணீரில் நிற்க வேண்டியதுதான்.

"மைக் வேணாம்னா நீயாவது எனக்காக ஒரு வார்த்த சொல்லு. உன் பேச்ச தலைவர் தட்ட மாட்டாரு."

"அதுவும் மாட்டேன்" என்றார் பாய். கல்நெஞ்சுக்காரன் என்று திட்டிக்கொண்டே போனாள்.

அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் மைக்கோடு இருபத்துமூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவர். அதன் குணம் அவருக்குத் தெரியும். கையில் பிடித்தவன் விடமாட்டான். மேடையில் இருப்பவர்கள் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பதற்கே அரைமணி நேரம் போகும். பிறகு நாலு பேர் பேசுவார்கள், நானூறு பேர் கொட்டாவி விடுவார்கள், கடைசியில் நாற்காலி பறக்கும். பறந்ததில் முக்கால்வாசி கௌஸ் மைதீனின் நாற்காலிகள்.

பத்து வருஷத்துக்கு முன் ஐந்து குப்பங்கள் கூடின. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மண் மூடிவிட்டது, எந்தப் பக்கம் வெட்டுவது என்று மூன்று வருஷமாக முடியாத சண்டை. வணக்கங்கள் முடிகிற நேரத்தில் ஜெனரேட்டர் செத்துப்போனது. பாய் ஸ்பேனரோடு அதன் அடியில் படுத்து ஒன்றரை மணிநேரம் போராடினார். எழுந்து பார்த்தால் மேடையில் ஈ காக்கை இல்லை. சனம் சவுக்குத் தோப்பில் கும்பல் கும்பலாகக் குந்தியிருந்தது. ஒருத்தன் மணலில் குச்சியால் வாய்க்கால் கிழிக்கிறான், இன்னொருத்தன் அழித்துக் கிழிக்கிறான். எந்தக் குப்பம் எத்தனை மண்வெட்டி, எந்த நாள் என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள். இவர் பெருமையாக, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார்.

"அத்த அணைச்சுத் தொலை பாய்!" என்று இருநூறு பேர் திரும்பிக் கத்தினார்கள்.

வேறு ஆளாக இருந்தால் ரோஷப்பட்டிருப்பான். பாய்க்கு அன்றைக்குத்தான் தொழில் பிடிபட்டது. அதிலிருந்து எந்தக் குப்பம் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் உட்காரக் கோரைப்பாய்கள், மீன் பெட்டியின் தெர்மகோல் மூடிகள், மார்க்கர் பேனா, ஒரு டீ ட்ரம். இவ்வளவுதான் வண்டியில் ஏறும். டீ மனைவி சுராயாவின் இலாகா.

ஒரே ஒரு தடவை வாய் தவறினார். ஒரு குப்பத்தில் நண்டு வலைத் தகராறு. எது நியாயம் என்று பளிச்சென்று தெரிந்தது, தாங்க முடியாமல் சொல்லிவிட்டார். பாய் சொன்னால் சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் வண்டி மண் ரோட்டைத் தாண்டி ஒரு மாதம் ஆகவில்லை, பழையபடி வலையைக் கிழித்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அது நீ சொன்னதுதான பாய்" என்றார்கள். அந்த வெட்கம் இன்னும் அவருக்குப் போகவில்லை.

மணல்மேட்டுக் கூட்டம் காலை எட்டு மணிக்கு. தலைவர் துளசிங்கம் வெள்ளை வேட்டியில் வந்து, மேடை எங்கே என்று தேடினார். மேடை இல்லை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்ததும் பாய் எழுந்தார்.

"யாருக்கு எது வலிக்குதோ அவங்களே அத்த மூடியில எழுதி மணல்ல நட்டு வைங்க. நட்ட எடத்துல பாய் போட்டு உக்காருங்க. கேக்கணும்னு தோணுறவங்க அங்க போங்க. சலிச்சிப்போச்சா, எழுந்து வேற பாய்க்குப் போங்க, யாரும் கோச்சிக்கக் கூடாது. வெயில் உச்சிக்கு வந்ததும் திரும்ப வட்டம். அவ்ளோதான்."

சொல்லிவிட்டுப் போய் டீ ட்ரம் பக்கத்தில் உட்கார்ந்து, கைவேலைக்கென்று கொண்டுவந்திருந்த ஒரு பழைய ஸ்பீக்கரைத் துடைக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் அசையவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். புதுசாகக் கூட்டம் நடத்துகிறவன் அங்கேதான் வாயைத் திறந்து கெடுப்பான். பாய் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மணலில் ஒரு மூடி நின்றது, இரண்டு, ஐந்து. ஐஸ் வராதது, படித்துறை விளக்கு, 'இறால் எங்க போச்சு?' கடைசியாகத் தனக்கோடி நட்டாள்: 'லோகநாதன் வீட்டுப் பாடு.'

இறால் பாயில் ஐம்பது பேர். தனக்கோடி பாயில் தனக்கோடி. ஒருமணி நேரம் ஒரு ஆள்கூட அந்தப் பக்கம் வரவில்லை. மனோஜ் இரண்டு முறை வேண்டுமென்றே அந்த வழியாக நடந்துபோனான். அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மணலையே பார்த்திருந்தாள்.

"ஏங்க, உங்களுக்கே நல்லாருக்கா இது?" என்று சுராயா பல்லைக் கடித்தாள். "அந்தத் தலைவர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா, வாய் தேஞ்சா போயிடும்?"

பாய் டீ ட்ரம்மைப் பார்த்தார். வாய் திறக்க வேண்டாம், டீ ட்ரம்மைத் தூக்கி அவள் பக்கத்தில் வைத்தால்கூடப் போதும், டீக்காவது நாலு பேர் போவார்கள். எழுந்தார். ட்ரம்மின் காதைப் பிடித்துத் தூக்கியும்விட்டார். நண்டு வலை ஞாபகம் வந்தது. நான் சேர்த்துக் கொடுக்கிற கூட்டம் நான் போனதும் கலைந்துவிடும். ட்ரம்மை இருந்த இடத்திலேயே வைத்தார். அவர் வாழ்க்கையில் தூக்கிய பாரங்களிலேயே அதுதான் கனம்.

அப்போது தனக்கோடி எழுந்தாள். வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தார். அவள் மூடியைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக இறால் பாய்க்குப் போய், ஆம்பளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். சலித்தால் எழுந்து போகலாம் என்பது அவளுக்கும் சேர்த்துச் சொன்னதுதானே.

அங்கே சண்டை உச்சத்தில் இருந்தது. முகத்துவாரம் நகர்ந்ததிலிருந்து பழைய பாடு இடங்களில் எது நல்ல இடம், எது மூடிப்போன இடம் என்று ஒருத்தனுக்கும் ஒத்துவரவில்லை.

"மொத எடத்துல முட்டி வரைக்கும் சேறு. அங்க வலை கட்டுனா வெறும் வலைதான் வரும்" என்றாள் தனக்கோடி. "நாலாவதுல சிப்பி. அதுக்குக் கெழக்கால, முப்பது தப்படி தள்ளி, மணல் தட்டுது. இறால் அங்கதான் படுக்குது."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் மனோஜ்.

"ரெண்டு வருஷமா நீங்க படகுல உக்காந்து போறீங்க. நான் காலால நடக்கிறேன்."

பாய் ஸ்பீக்கர் துடைப்பதை மறந்துவிட்டார். ஐம்பது பேரும் அவள் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டார்கள். அவள் மணலில் ஏரியையே வரைந்தாள். மற்றப் பாய்களிலிருந்தும் ஆட்கள் எழுந்து வந்தார்கள். துளசிங்கம் வெள்ளை வேட்டியைப் பார்க்காமல் மண்டி போட்டார். வரைந்து முடித்த தனக்கோடி, கக்கத்து மூடியை எடுத்து அந்த ஏரிக்கு நடுவில் நட்டாள்.

உச்சி வெயிலில் வட்டம் கூடியது. துளசிங்கம் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, "பாய், லோகநாதன் வூட்டுப் பாடு விஷயத்துக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்களேன்" என்றார்.

"ஸ்பீக்கர்கிட்டயே இருந்து எனக்குக் காது மந்தம் தலைவரே. நீங்களே பேசிக்குங்க."

பேசினார்கள். மனோஜ் கத்தினான், அவன் பக்கம் எட்டுப் பேர் நின்றார்கள். அவள் முறையைப் பிடுங்கிக்கொண்டு, அவளிடமே வழி கேட்டு வலை கட்டுவதற்கு வெட்கமாக இல்லையா என்று ஒரு கிழவர் கேட்டதும் அந்த எட்டு மூன்றாகக் குறைந்தது. துளசிங்கம் பேனாவைத் திறந்து, "லோகநாதன் சம்சாரம்னு எழுதிடவா?" என்றார்.

"என் பேரு தனக்கோடி" என்றாள் அவள்.

பட்டியலில் அதுவரை பொம்பளை பெயர் ஏறியதில்லை. பாய்க்கு நாக்கு அரித்தது, கடித்துக்கொண்டார். துளசிங்கம் நாலு பக்கமும் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதினார்.

மழைக்குப்பின் அவள் முறை வந்தபோது மனோஜ் படகைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறான். படித்துறையில் இருந்தவர்கள், "நாங்க உக்காந்து முடிவு பண்ணதுடா, நகருடா" என்று அவனை விரட்டியிருக்கிறார்கள். மீன் சந்தையில் இதைக் கேள்விப்பட்ட பாய், கூடை நிறைய இறாலோடு குந்தியிருந்த தனக்கோடியைத் தேடிப் போனார்.

"யாரும்மா உனக்குப் பாடு வாங்கிக் குடுத்தது?"

"யாரு குடுக்கணும்? நானே போய் உக்காந்து கேட்டேன், எழுதுனாங்க." ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். "அன்னிக்கு நீ கூட வந்திருந்த இல்ல பாய்? டீ ட்ரம்மாண்ட?"

கௌஸ் மைதீனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆமாம், டீ நல்லா இருந்ததா என்று கேட்டார். சர்க்கரை கம்மி என்றாள்.