ஷாஹிதாவின் அறுபதாம் வரி

நேற்று என் மகள் லேப்டாப்பில் ஏதோ ஒரு புரோகிராமை ஓட்டினாள். பெயரை அடித்தாள், ஒரு தட்டு தட்டினாள், விடை வந்துவிட்டது. எனக்கென்னவோ ஏசி அறையின் குளிர்ந்த வாசனையும் கூடவே அஸ்தம்பட்டியும் நினைவுக்கு வந்தன.

அங்கே ஒரு மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். ஓமலூரிலிருந்து பஸ்ஸில் போவேன். மெஷினுக்குத் தூசி ஆகாது என்று செருப்பை வாசலிலேயே விடச் சொல்வார்கள். தலையில் வாடிய மல்லிகைக்கு மட்டும் தடை கிடையாது! பிளாப்பியைச் செருகி, 'லோடு' என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், கரகரவென்று நேரம் எடுத்துக்கொண்டு 'ஓகே' என்று காட்டும். அதற்கே நான் பாஸான மாதிரி பூரித்துப்போவேன். 'ரன்' அடித்த பிறகுதானே வண்டவாளம் தெரியும்.

அதே மெஷினில் எனக்கு ஜோடி ஷாஹிதா. அவளுடைய அத்தா கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். எங்களிடம் ஓயாமல் பேசுகிறவள், அவர் எதிரில் வாயே திறக்கமாட்டாள். நிக்காஹ் பேசியாகிவிட்டது, இனி வகுப்பு வேண்டாம் என்று அவர் சொன்னபோதும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறாள்.

கடைசி நாளன்று அவரே அழைத்துப்போக வந்தார். கிளம்பும் முன் தான் எழுதிய புரோகிராமைப் பார்க்கச் சொன்னாள் ஷாஹிதா. அது பெயரைக் கேட்கும். நான் முன்பே அடித்துப் பார்த்திருக்கிறேன், எனக்கு வணக்கம் சொன்னது. அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்தார். அறுபதாம் வரியில் பிழை என்று சொல்லி நின்றுவிட்டது.

அந்த வரியும் திரையில் வந்தது. 'பிரிண்ட்' என்பதில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அவர் பெயரை அடித்தால் மட்டுமே ஓடுகிற வரி அது. அதை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த எழுத்தைத் திருத்தி மறுபடி 'ரன்' அடித்தாள். "இன்னொருக்கா பேரு அடிங்கத்தா."

அடித்தார். ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. அவருக்கு ஆங்கிலத்தில் தன் பெயரைத் தாண்டிப் படிக்க வராது. என் பக்கம் திரும்பி, "என்னம்மா போட்டிருக்கு?" என்றார்.

ஷாஹிதா கீபோர்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"'அத்தா, நான் படிச்சு முடிக்கணும்'னு இருக்குதுங்க," என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "இத வாயால சொல்லியிருக்கலாம்லம்மா," என்றார். குரலில் கோபமே இல்லை. அவள் அழுதுவிட்டாள். அவர் எங்களுக்குப் பாடம் எடுக்கும் மேடத்திடம் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று விசாரித்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அவளை வகுப்பிலேயே விட்டுத் தனியாகப் படியிறங்கிப் போனார்.

படிப்பு முடிந்த பிறகுதான் நிக்காஹ் நடந்தது. அவள் புருஷன் ஊருக்குப் போனாள், நான் நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அப்புறம் இரண்டு பேருக்கும் வீடு மாறியதில் அதுவும் நின்றது. சென்டர் இருந்த மாடியில் இப்போது பல் ஆஸ்பத்திரி. துணிக்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். இன்று காலை அவள் பெயரை இணையத்தில் தேடினேன். எத்தனையோ ஷாஹிதாக்கள் வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன், அவள் இல்லை.