பன்றி சமைத்த சட்டி

எலும்போடு வெட்டிய பன்றித் துண்டுகளை வறுப்பதற்கு முன் ஓரக் கொழுப்பைக் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் கீறிவிட வேண்டும். கீறாவிட்டால் சூட்டில் துண்டு சுருண்டு, நடுப்பகுதி தாச்சிச் சட்டியில் படாமல் எழும்பி நிற்கும். உப்பும் மிளகும் தடவிச் சற்று நேரம் வைத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றிய பிறகுதான் நெருப்புக்குக் கொண்டுபோகலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் ஒரு புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு இத்தனை விதி பார்க்க வேண்டுமா என்று மகள் கேட்கிறாள். நான் வேலை பார்த்த அரசாங்கக் கச்சேரியில் ஒரு கோப்பு மேசை மாறுவதற்கே இதைவிடக் கூடுதலான விதிகள் இருந்தன. அங்கே கடைசியில் சாப்பிடவும் எதுவும் கிடைப்பதில்லை.

விதிகளில் எனக்குள்ள பற்று கச்சேரியில் பிடித்தது அல்ல. கோப்பாயில் எங்கள் வீட்டு அடுப்படியில் பிடித்தது. அங்கே செவ்வாயும் வெள்ளியும் சைவம். மற்ற நாட்களில் மீனும் ஆட்டிறைச்சியும் சமைப்பதற்கு மச்சச் சட்டி என்று ஒன்று தனியாக இருந்தது. அதைச் சைவச் சட்டிகளோடு அடுக்கக் கூடாது. அதன் அகப்பையும் வேறு. பன்றிக்கோ அந்த மச்சச் சட்டியிலும் இடமில்லை. எப்போதாவது அப்பாவின் சிநேகிதர் யாராவது கொண்டுவந்தால், கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல் வைத்து, எறிய இருந்த பழஞ்சட்டியில் சமைக்க வேண்டும். சாப்பிட்டு முடிந்ததும் சட்டியை உடைத்து வேலியோரம் போட வேண்டும். பன்றி செய்த குற்றத்துக்குச் சட்டிக்குத் தண்டனை. ஆடு மட்டும் என்ன புண்ணியம் செய்தது என்று யாரும் எனக்கு விளக்கவில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து அம்மாவின் கையில் வளர்ந்தவர். குருநகரில் ஒரு வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணைக் கலியாணம் செய்ய ஆசைப்படுவதாக அவர் சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஓம் என்று சொல்லாமல் செய்யமாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் தேங்காய் துருவப் போய்விடுவார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நிறையத் தேங்காய் செலவானது.

ஒரு பின்னேரம் மாமா சைக்கிளில் வாழையிலைப் பொட்டலம் ஒன்றோடு வந்து சேர்ந்தார்.

“அவையின்ரை வீட்டிலை தந்துவிட்டவை, அக்கா. பண்டி. பாகு காய்ச்சிப் பிரட்டுற முறையும் சொல்லித் தந்தவை.”

“உது இந்தப் படி ஏறாது.”

“எது, அக்கா? இறைச்சியோ, அவளோ?”

“ரெண்டும்தான்.”

மாமா சிரிக்கப் பார்த்தார், சரிவரவில்லை. பொட்டலத்தோடு கிணற்றடிக்கு நடந்தார். பழஞ்சட்டியைத் தேடி எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, சாப்பிட்டாப் பிறகு உதை நீதான் உடைக்கிறாய்” என்றார். எனக்கு அது போதும். வேலியோரம் போய்க் கைக்கு அடங்கிய ஒரு கருங்கல்லைத் தெரிந்தெடுத்தேன்.

மாமா துண்டுகளை அவற்றின் கொழுப்பிலேயே இரண்டு பக்கமும் சிவக்க வறுத்து எடுத்து வைத்தார். அதே சட்டியில் உள்ளிப்பூண்டை வதக்கி, புளியைக் கரைத்துவிட்டு, ஒரு ஓலைக் குட்டான் பனங்கட்டியை உடைத்துப் போட்டு, இடித்த செத்தல் மிளகாயையும் தூவினார். அம்மா அடுப்படி வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் முற்றம்தான் இருந்தது. ஆனாலும் செய்திகள் என் வழியாகவே போய்வந்தன.

“விறகை வெளியிலை இழுக்கச் சொல்லு, பிள்ளை. பனங்கட்டிக்கு உவ்வளவு நெருப்புக் கூடாது.”

“இழுத்தாச்சு எண்டு சொல்லு.”

“பொய். கரியிற மணம் இஞ்சை வரை வருது.”

மாமா அவசரமாக விறகை இழுத்தார். கொள்ளி சட்டியில் தட்டியது. கிழட்டுச் சட்டி ‘டக்’கென்று இரண்டாகப் பிளந்தது. பாகு முழுவதும் சாம்பலுக்குள் போய்ச் சீறி அடங்கியது. மாமா குந்தியபடியே இருந்தார். வறுத்த துண்டுகள் பக்கத்தில் தட்டில் பத்திரமாகத்தான் கிடந்தன. இருந்தும், அவருடைய முகத்தைப் பார்த்தால் உலகத்தில் இனிச் சமைக்க எதுவுமே மிஞ்சவில்லை என்று தோன்றும்.

அம்மா மடியிலிருந்த இலைக் காம்புகளைத் தட்டிவிட்டு எழுந்தார். உள்ளே போய்த் திரும்பி வந்தபோது அவர் கையில் மச்சச் சட்டி இருந்தது. அதற்குள் அதன் அகப்பையும், கொஞ்சம் புளியும், இன்னொரு குட்டான் பனங்கட்டியும் இருந்தன.

“அக்கா, உது மச்சச் சட்டி.”

“எனக்குக் கண் தெரியும். விலகு.”

மாமா விலகினார். அம்மா குந்தியிருந்து நெருப்பைச் சரிபண்ணிவிட்டுப் புளியைக் கரைத்தார்.

“அவள் புளி கூட விடுறவளோ, குறைய விடுறவளோ?”

“கொஞ்சம் கூடத்தான், அக்கா.”

“ம். கொழுப்பு இறைச்சிக்கு அப்பிடித்தான் விடவேணும்.”

பாகு கொதித்து, கொப்புளங்கள் பெரிதாகி ஆறுதலாக, மெல்ல வெடிக்கத் தொடங்கியதும் துண்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவை எண்ணெய் பூசிய கதவு மாதிரி மினுங்கின. முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு. உறைப்பு விழுங்கிய பிறகுதான் வந்தது. அப்பா எலும்பைக்கூட விடவில்லை. அம்மா மட்டும் முருங்கையிலை வறையோடு சோறு சாப்பிட்டார்.

கை கழுவியதும் நான் கல்லோடு அம்மா முன்னால் போய் நின்றேன்.

“கல்லைக் கீழை வை, பிள்ளை. சட்டியைச் சாம்பல் போட்டு மினுக்கி உள்ளை கவிட்டு வைக்கவேணும். பிறகும் தேவைப்படும்.”

“பண்டி சமைச்சதெல்லோ? உடைக்கவேணும்!”

அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். விதி ஒன்று என் கண்முன்னே, விதி போட்டவர் கையாலேயே மீறப்பட்டது. நான் சத்தம் போட்டு அழுதேன். மாமா என் தலையைத் தடவிவிட்டுத் தன் கண்களையும் உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் துடைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். புகை என்றார். நெருப்பை அம்மா முன்பே தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார். அது எனக்குத் தோன்றவில்லை.

அம்மா சொன்ன ‘பிறகும்’ என்பதைப் படுக்கப் போகும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பன்றி வரப்போகிறது என்றுதான் அதற்கு அர்த்தம் என்று முடிவு செய்தேன். அடுத்த தடவையாவது உடைக்க விடுவார்கள் என்று நம்பி, அந்தக் கல்லை முருங்கையடியில் ஒளித்து வைத்தேன்.