அந்த ஒரு வீடு மட்டும் பச்சை

எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எரிச்சல்தான் வரும். கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால் விட்டுவிடுவார்களா என்ன? அதில் என்ன செய்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஊத்தப்பமும் வார்ப்பதைப்போல, ஒரே மென்பொருளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒவ்வொரு விதமாகச் செய்து கொடுக்கிறேன் என்பேன். சிரிப்பார்கள். ஆனால் அதுதான் நிஜம். அந்த மாவை நாங்கள் 'கோர்' என்போம். அதில் உப்பு கூடினால் எல்லாப் பண்டத்திலும் கூடும்.

மாவு அரைத்தவர் எங்கள் ஆர்க்கிடெக்ட், அதாவது மென்பொருளுக்கு வரைபடம் போடுகிறவர். என்னைப்போலவே வலியசாலைக்காரர், எனக்கு அடுத்த தெரு. தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். எதையும் ஒரே பெரிய புரோகிராமாக எழுதவிட மாட்டார். ஆளுக்கொரு வேலையாக, சின்னச் சின்னதாக இருக்க வேண்டும். ஒன்று போன் செய்யும், ஒன்று பதிலை வாங்கும், ஒன்று நர்ஸுக்குத் தகவல் சொல்லும். இவற்றுக்கு சர்வீஸ் என்று பெயர். ஒரு சர்வீஸ் கேட்டால் இன்னொன்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று துருவக் கூடாது. துருவ ஆரம்பித்தால் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விடும் என்பார். கூட்டங்களில் இதை அவர் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டியிருக்கிறேன்.

தனியாக வாழும் முதியவர்களுக்காக ஒரு ஆஸ்பத்திரி எங்களிடம் ஒன்று செய்து வாங்கியது. தினமும் காலையில் வீட்டு லேண்ட்லைன் அடிக்கும். "நலமாக இருக்கிறீர்களா? ஆம் என்றால் ஒன்றை அமுக்குங்கள்" என்று ஒரு குரல் கேட்கும். அமுக்கினால் ஆஸ்பத்திரித் திரையில் அந்த வீடு பச்சையாகும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு 'நலம்' என்று செய்தி போகும். அமுக்காவிட்டால் சிவப்பு. சிவப்பு வீட்டுக்கு நர்ஸ் வேன் போகும்.

இதைச் செய்துகொண்டிருந்தபோது சோதனைக்கு ஒரு நம்பர் வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, சோதனை என்றால் சொந்த வீட்டு நம்பரைத்தான் கொடுப்போம். ஆர்க்கிடெக்ட் தன் அம்மாவின் நம்பரைக் கொடுத்தார், எங்களுக்கெல்லாம் அவள் மாமி. நாள் முழுக்க சோதனை நடந்தது, நாள் முழுக்க போன் அடித்தது. மாமி சும்மா இருப்பாளா?

"ஏண்டா, உன் ஆபீஸ் பிசாசுக்கு வேற வேலையே இல்லையா? குளிக்கப் போனா நலமாங்கறது, அடுப்புல கை வெச்சா நலமாங்கறது!"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு டம்மி புரோகிராம் எழுதி வைத்தார். அந்த நம்பருக்கு அழைப்பு வந்தால் போன் அடிக்காது. மாமிக்குப் பதிலாக டம்மியே 'ஒன்று' என்று சொல்லிவிடும். மாமிக்குத் தொல்லை விட்டது, எங்களுக்கும் வேலை நடந்தது. மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு அவர் துபாய்க்குப் போனார். போகும் முன் டம்மியை எடுத்துவிட்டு, அம்மாவை நிஜமாகவே அந்தத் திட்டத்தில் சேர்த்தார். வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்தார். மாமிக்கு மொபைல் பிடிக்காது. தினமும் காலையில் போன் அடிக்கும், மாமி அமுக்குவாள், துபாயில் அவருக்குச் செய்தி போகும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியின் மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றினோம். அதற்கு மறுநாள் ராத்திரி, ஊரையே புரட்டிப் போடுகிற மாதிரி மழை. காலையில் தம்பானூர் முழுக்கத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் ஏறினேன். ஏறியதுமே ஆஸ்பத்திரியிலிருந்து மலையாளி நர்ஸ் கூப்பிட்டாள்.

"மேடம், வலியசாலை மொத்தம் சிவப்பாணு. சாஃப்ட்வேர் போயாச்சா?"

சாஃப்ட்வேர் ஒன்றும் போகவில்லை, மரம் விழுந்து கேபிள் அறுந்துவிட்டது, என் வீட்டு லேண்ட்லைனும் செத்துத்தான் கிடக்கிறது, வேனை அனுப்பி எல்லாரையும் பார்த்துவிடுங்கள் என்றேன். சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தேன். எங்கள் இரண்டு தெருவும் சிவப்பு. நடுவில் ஒரே ஒரு வீடு மட்டும் பச்சை. மாமி வீடு.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் சுருக்கென்றது. எல்லாருக்கும் அதே கேபிள்தானே? போனே இல்லாத வீட்டில் ஒன்றை அமுக்கியது யார்?

என் மொபைலில் மாமியின் நம்பரைக் கூப்பிட்டேன். ரிங் போகவில்லை, வெறும் நிசப்தம். அங்கிருந்தே ஒரு அழைப்பை மென்பொருள் வழியாக அனுப்பினேன். கண்ணை இமைப்பதற்குள் பதில் வந்தது: நலம். மறுபடி அனுப்பினேன். நலம். இன்னொரு தரம் அனுப்பினேன். நலம், நலம் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷ வேலையில் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

நர்ஸைக் கூப்பிட்டு அந்த வீட்டுக்கு உடனே போகச் சொன்னேன்.

"அது பச்சையல்லே மேடம்? பச்சைக்குப் போகண்டான்னுதானே சொல்லியிருக்கு? வேன் எல்லாம் சிவப்புக்குப் போயிருக்கு."

அவளைச் சொல்லி என்ன பயன்? விதியை எழுதிக் கொடுத்தவர்களே நாங்கள்தான்.

படி இறங்கிக்கொண்டே துபாய்க்கு அடித்தேன். "எனக்கும் நலம்னு மெசேஜ் வந்துதே. நேத்தும் வந்தது, இன்னிக்கும் வந்தது" என்றார். லைன் செத்துக் கிடக்கிறது என்று கத்தினேன். "ஐயோ, அந்த டம்மி" என்றார். "பழைய பதிப்புலேர்ந்துதான் எடுத்தேன். கோர்லேர்ந்து எடுக்கலை." கோரிலிருந்துதான் புதுப் பதிப்பை வார்த்திருந்தோம். மாமிக்குப் பதிலாகப் பேசுகிற அது, அதற்குள்ளேயே உட்கார்ந்து எங்களோடு வந்துவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். இப்போது நினைத்தாலும் அதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

எந்த ஆட்டோக்காரனும் தண்ணீரில் வரச் சம்மதிக்கவில்லை. நடந்தேன். முழங்கால் தண்ணீரில் எப்படி நடந்தேனோ தெரியாது. மாமி வீட்டுக்கு ஒரு பக்கம் காலி வீடு, மறுபக்கத்துக்காரர்கள் நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வாசல் கிரில்லில் பால் பை தொங்கியது. அதில் முந்தின நாள் பாக்கெட்டும் அப்படியே கிடந்தது.

கதவைத் திறந்தேன். கரண்ட் இல்லை, கூடம் இருட்டு. மாமி தரையில் கிடந்தாள். போனை எப்படியோ கீழே இழுத்துத் தன் காதுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ரிசீவர் அதன்மேல் ஒழுங்காக இருந்தது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டியா?" குரல் காற்றாகத்தான் வந்தது. "நேத்து விடியக்காலை விழுந்தேன். கண்ணாடி எங்கயோ போயிடுத்து, நம்பர் போடக் கண்ணு தெரியலே. போன் அடிக்கும், எடுக்கப்படாது, எடுக்கலேன்னா ஆள் வருவான்னு படுத்திண்டிருந்தேன். அடிக்கவே இல்லேடி. இன்னிக்காவது அடிக்குமான்னு பாத்தேன்."

நான் அழுதுவிட்டேன்.

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. ஆபரேஷன் ஆனது, பிழைத்துக்கொண்டாள். அவர் அன்று ராத்திரியே துபாயிலிருந்து வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் வார்டில் நாங்கள் மூவரும் இருந்தோம். மென்பொருளில் கை வைக்க ஆஸ்பத்திரி அனுமதி வராததால் டம்மியை இன்னும் எடுத்திருக்கவில்லை. வழக்கமான நேரத்தில் அவர் மொபைல் மணி அடித்தது. அவசரமாக அதைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார். மாமி விடவில்லை.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லேம்மா. நீ ஆத்துல நலமா இருக்கேன்னு."

"ஆத்துல யார் இருக்கா?"

"யாரும் இல்லேம்மா. பூட்டிக் கிடக்கு."

"பின்னே நான் நலம்னு சொன்னது யாரு?"

சர்வீஸ்களைப் பற்றி நாள் கணக்கில் பேசக்கூடிய மனுஷர் மாமியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

அன்று மாலையே டம்மியைக் கோரிலிருந்து எடுத்தோம். எல்லா ஆஸ்பத்திரிகளின் பதிப்பிலும் ஒன்றுவிடாமல் தேடிப் பார்த்தோம். மாமி இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு நடக்கிறாள். போன வாரம் காலையில் அவளுக்குப் புளிக்காய்ச்சல் கொடுக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. குரல் கேட்டதும் மாமி ஒன்றை அமுக்கினாள். வைக்கவில்லை. ரிசீவரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "நான்தான் சொல்றேன். நானேதான்" என்றாள்.

"மாமி, அதுக்குக் காது கிடையாது. நீங்க பேசறது ஒண்ணும் கேக்காது" என்றேன்.

"அதுக்குச் சொல்லலே. இதுக்குள்ள இன்னொருத்தி இருந்தாளே, அவளுக்குச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு மாமி ரிசீவரை வைத்தாள்.