மூன்று பேரும் ஒரு கல்லும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், சகுனம், கண்ணூறு எதிலும் நம்பிக்கை கிடையாது. இருபத்திரண்டு வருடமாகத் தெற்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி லாப்பில் இரத்தம் சோதிக்கிற வேலை. குழாயை மெஷினில் வைத்தால் மெஷின் சொல்லும், நான் சரிபார்த்து அனுப்புவேன், அவ்வளவுதான் என் உலகம். கோயிலுக்குக்கூடத் தேர் அன்றைக்கு மட்டும்தான் போவேன், அதுவும் பாதி சனம் பார்க்க, மீதி சாப்பாட்டுக்கு. ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது இதை எனக்குச் சொல்லியிருந்தால், ஒருநாள் லாப்புக்கு வாங்கோ, இரத்தம் எடுத்துப் பார்ப்பம் என்று நானே நக்கலடித்திருப்பேன்.

போன வருடம் கோடையில் நானும் என் கணவர் குகனும் மகள் அபியும் பரோத் தீவுகளுக்குப் போனோம். ஸ்கொட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில், கடலுக்குள் பதினெட்டுத் தீவுகள். பச்சை மலை, மலையிலிருந்து நேராகக் கடலுக்குள் விழுகிற அருவி, வீட்டுக் கூரையில் புல், எங்கே பார்த்தாலும் செம்மறியாடு. அபி ஒரு வருடமாகப் போனில் படம் காட்டிக் காட்டி எங்களை மயக்கி வைத்திருந்தாள். அவள் யூனிவர்சிட்டிக்குப் போவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து போகிற கடைசிப் பயணம் என்று நாங்களும் தலையாட்டிவிட்டோம். மகன் நிலனும் வருவதாகத்தான் இருந்தது. புது வேலையில் லீவு தரமாட்டார்கள் என்று கடைசி வாரத்தில் அவன் நழுவிவிட்டான். எல்லாம் தொடங்கியது அதில்தான்.

குகன் லண்டனில் பஸ் ஓட்டுகிறவர். சக்கரம் பூட்டிய எதுவென்றாலும் அவருக்கு ஒரு பக்தி. எங்கள் பழைய காரை வாங்கிய அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தப்போய், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவே ஜன்னலால் எட்டிப் பார்த்தது. அப்படிப்பட்ட மனுஷன், விமானம் இறங்கி, வாடகைக் காரின் சாவி கையில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்சேரும், மூண்டு பேராய் வெளிக்கிடக்கூடாது."

உங்களுக்குத் தெரியும்தானே, நம்முடைய சனம் மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்படாது. தவிர்க்க முடியாவிட்டால் ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாகக் கூடக் கொண்டுபோவார்கள்.

"லண்டனிலயிருந்து மூண்டு பேராத்தானே வந்தனாங்கள்?" என்றேன்.

"பிளேனில நூறு பேர் இருந்தவை."

அவர் போய்க் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், கடலைப் பார்த்திருந்த பழைய மதிலின் அடியிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்தார். சட்டைப்பைக்குள் போடுகிற கல் என்று நினைக்காதீர்கள், உரித்த பெரிய தேங்காய் அளவு, கறுப்பு, ஒரு பக்கம் பாசி. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வாங்கோ, எங்களோட வாங்கோ" என்று மரியாதையாகக் கூப்பிட்டாரே பார்க்கலாம், அபி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சீட்டில் கீறல் விழக்கூடாதென்று குகன் தன் மஞ்சள் மழை ஜக்கெட்டை விரித்து, அதற்குமேல் கல்லைப் பின்சீட்டின் இடது பக்கம் வைத்தார். கார் உடனே பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. புதுக் கார், பாரம் இருந்தால் ஆள் என்று நினைத்துக்கொள்ளும். கல்லுக்கு சீட் பெல்ட் போட்ட பிறகுதான் வாயை மூடியது.

"அம்மா, கல்லு அங்கிள் ஸோ க்யூட்!" என்றாள் அபி. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

"எடுத்த இடத்திலதான் திருப்பி இறக்கவேணும், கூட்டிக்கொண்டு வந்தவரை நடுவழியில விடக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார் குகன்.

மூன்று நாள் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்! கடலுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை, அதற்குள்ளே ஒரு ரவுண்டபவுட், நீலமும் பச்சையுமாக வெளிச்சம், குகன் அதைச் சின்னப் பிள்ளை மாதிரி மூன்று தரம் சுற்றினார். சிவப்பு விளக்கே இல்லாத ரோட்டைக் கண்டு லண்டன் பஸ் டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் அபி நிறுத்தச் சொல்லுவாள், இறங்கிப் படம் எடுப்பாள், ஏறுவாள். நான் கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தை அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரவு பதினொரு மணிக்கும் பகல் மாதிரி வெளிச்சம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

நாலாவது நாள் வடக்கே ஒரு நீளமான ஒல்லித் தீவுக்குப் போனோம். அதற்குச் சின்ன ஃபெரி ஒன்றுதான் வழி, பத்துப் பதினைந்து கார் ஏறினால் நிறைந்துவிடும். ஃபெரியில் பக்கத்துக் காரில் வந்த கூட்டம் எங்கள் பின்சீட்டைக் கண்டுவிட்டது. மஞ்சள் ஜக்கெட்டுக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் கல்லை ஒருவர் மாறி ஒருவர் படம் எடுத்தார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஒற்றை வழிச் சுரங்கப்பாதைகளைத் தாண்டித் தீவின் கடைசி ஊருக்கு வந்ததும், குகன் டொய்லெட் தேடிப்போன நேரம் பார்த்து, கல்லை ஜக்கெட்டோடு தூக்கி அங்கிருந்த குட்டி மதிலில் வைத்தேன். சும்மா வைக்கவில்லை. "இறங்குங்கோ, ஓசிச் சவாரி போதும்" என்று சொல்லிவைத்தேன். இந்த வாயை என்ன செய்யலாம்?

அங்கிருந்து மலையில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் வெளிச்சவீடு, மூன்று பக்கமும் செங்குத்தாகக் கடல். திரும்பிவந்த குகனுக்கு முழங்கால் நோவு, அவர் பின்சீட்டைப் பார்க்காமலே காரைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே படுத்துவிட்டார். நானும் அபியும் ஏறினோம். முக்கால்வாசித் தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, நீங்க இருங்கோ, டென் மினிட்ஸ், ஒரு போட்டோ எடுத்திட்டு ஓடி வாறன்."

போனாள். அவள் போய் ஐந்து நிமிடமிருக்கும், மூடுபனி வந்தது. வந்தது என்றால், கடலிலிருந்து எழும்பிச் சுவர் மாதிரி வந்து மோதியது. என் சப்பாத்து எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. போனில் சிக்னல் இல்லை. பத்து நிமிடம், இருபது, நாற்பது. கீழே கடல் இரைகிற சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. அந்தப் பாதையில் ஓர் அடி பிசகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாலு கால் பிராணி மாதிரி புல்லில் தவழ்ந்தேன். பிறகு எழும்பவும் பயம். தொண்டை கிழிந்துவிட்டது. அந்த நேரத்தில், இதை நான் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொன்னதில்லை, குந்தியிருந்து அழுதுகொண்டே கத்தினேன். "நீங்கள் ஆராயிருந்தாலும் பரவாயில்லை, எங்களோட வந்தனீங்கள்தானே, நான் பேசினதை மனசில வைக்காதேங்கோ, என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

கல்லிடம் கெஞ்சினேன். லாப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த நான்.

நம்பினால் நம்புங்கள், அதற்குப் பிறகு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அபி மூடுபனிக்குள்ளிருந்து நடந்து வந்தாள். தடவித் தடவி இல்லை, கடைக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி. நான் அவளைக் கட்டிப்பிடித்த பிடியில் அவளுக்கு நொந்துவிட்டது.

"ஏனம்மா அழுறீங்கள்? அப்பாதான் வந்தவரே."

"எந்த அப்பா?"

"அப்பாதான். நான் வழி தெரியாம நிண்டனான், அவர் முன்னால போனவர், நான் பின்னால வந்தன். மஞ்சள் ஜக்கெட் மட்டும்தான் தெரிஞ்சது. கூப்பிட்டன், திரும்பிப் பாக்கேல்ல. கோபமாக்கும் எண்டு நினைச்சன்."

எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. அவளுடைய கையை விடாமல் பாதையைப் பார்த்துப் பார்த்து இறங்கினேன். கீழே வந்தால் குகன் முன்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார், நாலு கதவும் உள்ளே பூட்டியபடி. கண்ணாடியில் தட்டித்தான் எழுப்பினேன். குட்டி மதிலில் கல் இல்லை. ஜக்கெட்டும் இல்லை. பின்கதவைத் திறந்தால், சீட்டின் இடது பக்கத்தில் ஜக்கெட் இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட நனைந்து, கையெல்லாம் புல் ஒட்டியிருந்தது. அதற்குக் குறுக்கே பெல்ட் ஒழுங்காகப் போட்டிருந்தது. கல்லை மட்டும் காணவில்லை.

"நான் காரை விட்டு இறங்கவே இல்லையப்பா" என்றார் குகன்.

கடைசி ஃபெரிக்கு நேரமாகிவிட்டது. ஈர ஜக்கெட்டை எடுத்துப் பின்னால் போடுவோமென்று அபி பெல்ட்டைக் கழற்றினாள். குகன் காரை நகர்த்தினார். பீப் பீப் பீப். வெறும் சீட்! நான் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை, ஈரம் மட்டும். அபி வெறும் சீட்டுக்குப் பெல்ட்டைப் போட்டாள். சத்தம் நின்றது. ஃபெரி எங்களுக்காகக் காத்து நின்றது. கார்களை எண்ணி ஏற்றுகிற ஆள் குனிந்து உள்ளே பார்த்தார். முன்னால் இரண்டு பேர், பின்னால் அபி, அவளுக்குப் பக்கத்து சீட். அந்த சீட்டைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, நாலு விரலை மடக்கி எண்ணி, "ஓகே, ஃபோர்" என்று கையைக் காட்டினார்.

அடுத்த நாள் காலை காரைத் திருப்பிக் கொடுக்கும்போது குகன் அதே மதிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இறங்கி, பின்கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பெரிய உதவி செய்தனீங்கள். உங்கட இடம் வந்திட்டுது, இறங்குங்கோ" என்றார். என் கண்ணும் நிறைந்துவிட்டது. எல்லாம் அழகாக முடிந்திருக்கவேண்டும். நான் நேரத்தைப் பார்த்தேன், விமானத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. எப்போதும் வீட்டில் கத்துகிற பழக்கத்தில், பெட்டியை இழுத்துக்கொண்டு, "சரி சரி, எல்லாரும் கெதியா வாங்கோ, பிளேன் போயிடும்!" என்று கத்திவிட்டேன்.

குகன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "எல்லாரும் எண்டா ஆரப்பா?"

லண்டனுக்கு வந்து மூன்றாம் நாள் வேலைக்குப் போக எங்கள் பழைய காரை எடுத்தேன். கார் பீப் பீப் என்றது. பின்சீட், இடது பக்கம் என்று எனக்குக் காட்டித் தரத் தேவையிருக்கவில்லை, இறங்கிப்போய் அந்த பெல்ட்டைப் போட்டேன், நின்றது. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஹவுன்ஸ்லோவில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பொடியனிடம் கொண்டுபோனேன். அவன் முழுவதும் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இந்தப் பழைய மொடலில பின்சீட்டுக்குச் சத்தம் போடுற வயரே இல்லை. முன்சீட்டுக்கு மட்டும்தான்."

அதற்குப் பிறகு நான் யாரிடமும் காட்டவில்லை. காலையில் பெல்ட்டைப் போட்டுவிட்டு ஓடுவேன், வந்திறங்கியதும் கழற்றிவிடுவேன். பழகிவிட்டது. நாங்கள் மூன்று பேராகக் கடைக்கு வெளிக்கிட்டாலும் குகன் கல் தேடுவதில்லை.

இனிக் கடைசி விஷயம். புரட்டாதி முடிவில் அபி தனியாக வடக்கே யூனிவர்சிட்டிக்குப் புறப்பட்டாள், நாங்கள் வாங்கிக் கொடுத்த செக்கண்ட் ஹான்ட் குட்டிக் காரில், நாலு மணித்தியால ஓட்டம். வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டு, அழுகையை மறைக்க நான் அவசரமாக என் காரில் ஏறி வேலைக்குப் போனேன். பாதி வழியில்தான் உறைத்தது, அன்று பின்சீட் பெல்ட்டைப் போட மறந்துவிட்டேன். கார் ஒரு சத்தமும் போடவில்லை.

இரவு அபி போன் எடுத்தாள். சாப்பிட்டாயா, அறை எப்படி என்றெல்லாம் நான் கேட்டு முடித்த பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, ஒண்டு சொல்லுறன், அப்பாட்ட சொல்லாதேங்கோ. மோட்டர்வேயில ஏறேக்க என்ர கார் பீப் பண்ணத் தொடங்கினது. நான் நிப்பாட்டிப் பின்னால பெல்ட் போட்டனான்."

"எந்தப் பக்கம்?" என்று நான் கேட்கவில்லை. "நல்லதம்மா, தினமும் போடு" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து இன்றுவரை என் கார் சத்தமே போட்டதில்லை. பிள்ளை தனியாக இல்லை என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையும் காரை எடுக்க முதல் ஒரு நிமிடம் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறேன், அது அவளை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டதோ என்று.