தண்ணீர்க் குழாய்க்கு நேரே நிற்கும் வண்டி

காட்பாடி சந்திப்பை நான் ஒருபோதும் நிதானமாகப் பார்த்ததில்லை. நாள்தோறும் இருமுறை அதைக் கடந்தும், என் நினைவில் எஞ்சியிருப்பவை அதன் மேம்பாலத்துப் படிகளும், படிகளின் இடைவெளியில் தெரிந்த கரி படிந்த சரளைக்கற்களும்தான். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் அகலப் பாதை ஒருபுறம். விழுப்புரத்திலிருந்து வேலூர் வழியாக வந்து திருப்பதிப் பக்கம் திரும்பும் மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதை மறுபுறம். இரண்டுக்கும் நடுவே அந்தப் பாலம். ஆம்பூரிலிருந்து பெரிய வண்டியில் வந்து, பாலம் ஏறி இறங்கி, சின்ன வண்டியைப் பிடித்தால் வேலூர். மாலையில் அதே வழி தலைகீழாக. எழுபதுகளின் கடைசி ஆண்டுகளில் நான் இலக்கியம் படித்தது இந்த இரு வண்டிகளின் தயவில்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிகளின் அருகே வேலை பார்த்தார். தோலை ஊறவைத்து மயிர் நீக்கும் இடம் அது; எவ்வளவு கழுவினாலும் அவருடைய விரல் இடுக்குகளில் வெள்ளை தங்கியிருக்கும். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். பேருந்தில் இடிபட்டுப் போவதை அவர் ஒப்பவில்லை. ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு என்று தெரிந்த பிறகே சம்மதித்தார். சம்மதித்த அன்று இரண்டு நிபந்தனைகள் சொன்னார்.

"சாயந்தரம் பாசஞ்சர்ல நீ எறங்கணும். நான் ஸ்டேஷன்ல நிப்பேன். ஒரு நாள் எறங்கலன்னா மறுநாள் காலேஜ் இல்ல, என்னைக் கோவிச்சிக்காத. இன்னொண்ணு, தண்டவாளத்துல கால் வெக்கக் கூடாது. பாலம் எதுக்குக் கட்டி வெச்சிருக்கான்?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. கெஞ்சுவது போலச் சொன்னார். உறவினர் பலர் அவரிடம் பலவும் பேசியிருந்தார்கள். அவற்றுக்கெல்லாம் அவர் கொடுத்திருந்த ஒரே பதில், மாலை பாசஞ்சரிலிருந்து நான் இறங்கி வருவது.

ஆகவே ஒவ்வொரு மாலையும் எனக்கு ஒரு தேர்வு. வேலூரிலிருந்து வரும் சின்ன வண்டி காட்பாடியைச் சேர்வதற்கும் பெரிய வண்டி கிளம்புவதற்கும் இடையே இருந்த நேரம் மிகக் குறைவு. அதைத் தவறவிட்டால் ஆம்பூரில் நிற்கும் அடுத்த வண்டி இருட்டிய பிறகுதான். வகுப்பில் கடைசிப் பாடத்தின்போது என் காதுகள் பாடத்தைக் கேட்கவில்லை. வேலூர் கன்டோன்மென்ட் நிலையத்தின் பக்கமிருந்து எஞ்சின் ஊதுகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தன.

சீசன் டிக்கெட்காரர்களுக்கு இந்த அச்சம் கிடையாது. அவர்கள் பாலத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. சின்ன வண்டி நிற்கும்போதே நடைமேடை இல்லாத பக்கமாகக் குதித்து, தண்டவாளங்களைத் தாண்டி, பெரிய வண்டியின் தண்டவாளப் பக்கக் கதவு வழியாகத் தொற்றி ஏறிவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் உயரமான குழாய் ஒன்று யானைத் தும்பிக்கை போல வளைந்து நிற்கும். அதற்கு நேரே நிற்பதுதான் நம் வண்டி, கடைசிப் பெட்டிதான் பெண்கள் பெட்டி என்பது அவர்கள் கணக்கு. வண்டியின் பெயர்ப்பலகையைப் படிப்பவர் யாருமில்லை. நடைமேடையில் செய்யும் அறிவிப்பு அந்தப் பக்கம் கேட்பதுமில்லை.

என்னோடு தினமும் வந்தவர்கள் இருவர். ஒருவர் வேலூரில் ஒரு பள்ளியில் உருது கற்பித்த டீச்சர், எங்கள் ஊர்க்காரர். பெட்டிக்குள் வந்ததும் புர்காவின் முகத்திரையை நெற்றிக்கு மேல் தள்ளிக்கொண்டு விசிறிக்கொள்வார். மற்றவர் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டு மருமகள். வேலூர்க் கடைகளுக்கு லுங்கிக் கட்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, வெறுங்கையும் நிறைய வாயுமாகத் திரும்புவார். நான் அவரை அக்கா என்பேன். இருவரும் குதித்துப் போவார்கள்; நான் பாலம் ஏறி ஓடுவேன். எனக்காக அக்கா பெண்கள் பெட்டியில் தன் துணிப்பையை வைத்து இடம் பிடித்திருப்பார். "மகாராணி பல்லக்குல வந்தாச்சா?" என்று தினமும் கேட்பார்.

அன்று சின்ன வண்டி காட்பாடிக்கு வெளியே சிக்னலில் நின்றுவிட்டது. எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்துகொண்டே போயிற்று.

"இன்னா டீச்சர், இன்னிக்கு நம்மள சிக்னல்லயே குடி வெச்சிடுவானா?" என்றார் அக்கா.

"சும்மா இரும்மா. ஏற்கெனவே பேஜாரா இருக்குது. அதோ பாரு, வண்டி வந்து நின்னுட்ச்சு."

நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்கு நேரே பெரிய வண்டி நின்றிருந்தது. எங்கள் வண்டி ஊர்ந்து நிலையத்துக்குள் நுழைந்தபோது அங்கே பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

"பாலம் ஏறினா வண்டி டாட்டா காட்டிட்டுப் போய்டும். இப்டி எறங்கு," என்று அக்கா என் கையைப் பிடித்தார். "நான் பாலத்துல வர்றேங்க்கா" என்றேன்.

"வா, வா. பாலத்து மேல நின்னுக்னு எங்களுக்குக் கை ஆட்டு. அங்க உங்கப்பா நிப்பாரே, அவருக்கு யாரு பதில் சொல்றது?"

இரண்டு நிபந்தனைகளும் அதுவரை ஒன்றையொன்று முட்டியதில்லை. அன்று முட்டின. எதை மீறினால் படிப்பு நிற்கும், எதை மீறினால் நிற்காது என்று எண்ணிப் பார்ப்பதற்குள் என் செருப்புகள் சரளைக்கல்லில் இருந்தன. பெரிய வண்டியின் கதவு தரையிலிருந்து என் மார்பளவு உயரத்தில் இருந்தது. முதலில் ஏறிவிட்ட டீச்சர் மேலிருந்து இழுத்தார்; அக்கா கீழிருந்து தள்ளினார்.

"பாவாடையைத் தூக்கிச் சொருவு, காலேஜ் பொண்ணே! இங்க எந்த மாப்பிள்ளையும் பாக்கல."

நாங்கள் மூவரும் உள்ளே விழுந்த கணத்தில் வண்டி நகர்ந்தது. டீச்சர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் போலும். பிறகுதான் எதிர் இருக்கையில் ஒருவர் காற்றுத் தலையணையை ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஒரு குடும்பம் படுக்கை விரிப்பை உருட்டி வைத்துவிட்டு, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் பாசஞ்சரில் யாரும் தலையணை கொண்டுவருவதில்லை.

அக்காவும் அதைக் கவனித்துவிட்டார். "இன்னா வண்டிங்க இது?" என்று கேட்டார்.

"பெங்களூர் எக்ஸ்பிரஸ்மா. இன்னிக்கு லேட்டு" என்றார் பொட்டலத்தைப் பிரித்தவர்.

"குடியாத்தம் நிக்குமா?"

தலையணைக்காரர் காற்றை விட்டுவிடாமல் வாயால் பிடித்துக்கொண்டு, இல்லையென்று தலையசைத்தார். பிறகு, "அடுத்தது ஜோலார்பேட்டைதான்" என்றார்.

"அரே அல்லா" என்று டீச்சர் அமர்ந்துவிட்டார். தாமதமாக வந்த எக்ஸ்பிரஸுக்கு அன்று எங்கள் தடத்தைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பாசஞ்சர் அதற்கு அப்பால், நடைமேடையின் மறுபக்கத்தில் நின்றிருக்க வேண்டும். சரளைக்கல்லிலிருந்து பார்த்த எங்களுக்கு அது தெரியவில்லை. பாலத்தின் மேலிருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"எங்க மாமியாருக்கு இன்னிக்கு தீபாவளி," என்றார் அக்கா. "ராத்திரிக்குள்ள எனக்கு ரெண்டு புருஷன் கட்டி வெச்சிடுவா." யாரும் சிரிக்கவில்லை. குடியாத்தம் நிலையம் ஜன்னலில் வந்து, கிழிபடுவது போல் போயிற்று.

எனக்கு ஒரே எண்ணம்தான். இந்த வண்டி பாசஞ்சருக்கு முன்னால் ஆம்பூரைக் கடக்கும். அப்பா அங்கே நிற்பார். என்னைக் கண்டுவிட்டால், எங்கே போகிறேன் என்று தெரியாவிட்டாலும், உயிரோடு போகிறேன் என்றாவது தெரியும். டீச்சர் தன் வெள்ளைக் கைக்குட்டையை என்னிடம் கொடுத்தார். "வாசல்ல நில்லு. நான் பிடிச்சுக்கிறேன். கூச்சப்படாம கத்து, பேட்டி" என்று, உருதில் மகளே என அழைத்துச் சொன்னார்.

பச்சகுப்பம் கடந்ததும் வாசலில் நின்றேன். டீச்சரின் கை என் இடுப்பை வளைத்திருந்தது. தோல் காயும் வாடை முதலில் வந்தது, பிறகு நடைமேடை. வண்டி வேகம் குறைந்தது, நிற்கவில்லை. விளக்குக் கம்பத்தடியில் சைக்கிளோடு அப்பா நின்றிருந்தார். நிற்காத வண்டி தூசியை வாரி இறைக்கும் என்பதால் எங்கள் ஊர் நிலையத்தில் காத்திருப்பவர்கள் அது வரும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். அப்பாவும் தோள் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். இது அவர் எதிர்பார்த்த வண்டி அல்ல.

நான் கைக்குட்டையை ஆட்டினேன். என் தோளுக்கு மேல் தலையை நீட்டி அக்கா கத்தினார்: "யோவ் பெரியவரே! திரும்புய்யா! உம் பொண்ணுய்யா!" அந்த முதுகு அசையவே இல்லை. அது சிறிதாகிப் போனது.

ஜோலார்பேட்டையில் திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்தபோது டீச்சர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். என்னால் குடிக்க முடியவில்லை. இந்நேரம் பாசஞ்சர் ஆம்பூரில் நின்றிருக்கும். எல்லோரும் இறங்கியிருப்பார்கள். பெட்டி காலியாவதை அப்பா பார்த்திருப்பார். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் கண்டுகொண்டிருந்தேன். படிப்பு போய்விட்டது என்பதை நான் அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டேன். அவர் அந்த நடைமேடையில் என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இருட்டிய பின் ஆம்பூரில் இறங்கினோம். அதே கம்பத்தடியில் அப்பா இருந்தார். சைக்கிள் கீழே சாய்ந்து கிடந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை. பாசஞ்சரின் பெட்டி பெட்டியாக ஏறி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம், குரல் கட்டியிருந்தது.

"அண்ணே, பொண்ணு மேல தப்பு இல்லே," என்றார் டீச்சர். "நாங்கதான் இழுத்துக்கினு போனோம். வண்டி மாறிப் போச்சு."

"சரிம்மா. நீங்க வூட்டுக்குப் போங்க, ஜாஸ்தி நேரமாய்ட்ச்சு."

வண்டி நகர்ந்தது. குடியாத்தம் வரை போக வேண்டிய அக்கா ஜன்னலில் முகத்தை வைத்துக் கூவினார்: "பெரியவரே! கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. நீ திரும்பவே இல்லியே! சுவத்துல இன்னா சினிமாவா காட்டினான்?"

அப்பா அந்தச் சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சைக்கிளை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலையில் அவர் டேனரிக்குக் கிளம்பாமல் வெளுத்த சட்டையை எடுத்து மாட்டினார். அம்மா எனக்குச் சோறு கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "கட்டு" என்றார் அப்பா. கல்லூரிக்கு வந்து என் பெயரை எடுத்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் பொதுப் பெட்டியில் ஏறினார். நான் பெண்கள் பெட்டியில். காட்பாடி வரை ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

இறங்கியதும், "எப்டிப் போவணும், காட்டு" என்றார். பாலத்தில் ஏறினோம். நடுவில் நின்றுவிட்டார். கீழே அகலத் தண்டவாளங்களும் குறுகியவையும் பக்கம் பக்கமாக ஓடி, தூரத்தில் பிரிந்தன. தண்ணீர்க் குழாயைக் காட்டினேன். நேற்று எங்கே இறங்கினோம், எங்கே ஏறினோம் என்பதையும் காட்டினேன். சரளைக்கல்லையும் அந்தக் கதவின் உயரத்தையும் வெகுநேரம் பார்த்தார். அவர் பக்கத்தில் வந்தவர்கள் டேனரி வாடைக்குச் சற்று ஒதுங்கி நடந்தார்கள். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அந்தச் சின்ன வண்டிதான உன்னுது?"

"ஆமாம்பா."

"போ. இனிமே பாலத்து மேலயே வா. வண்டி போனா போவட்டும், அடுத்ததுல வா. எந்நேரமானாலும் நான் நிக்கறேன்."

நான் நகராமல் நின்றேன். "போம்மா, ஊதறான்" என்றார்.

சின்ன வண்டி புறப்பட்டபோது பாலத்தின் மேல் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவர் தனியாகத் திரும்ப வேண்டும். அந்தச் சந்திப்புக்கு அவர் வந்ததே முதல்முறை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எந்த வண்டி ஆம்பூரில் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. அன்று முழுவதும் வகுப்பில் நான் அவரைப் பல ஊர்களில் இறக்கிவிட்டேன்: ஜோலார்பேட்டையில், பெங்களூரில், திருப்பதியில்.

மாலையில் பாலத்தின் மேலேயே வந்தேன். பாசஞ்சர் கிடைத்தது. ஆம்பூரில் கம்பத்தடியில் அப்பா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது.

"காலைல ரெண்டு வண்டி உட்டுட்டேன்," என்றார், யாரிடமோ சொல்வது போல. "ஒருத்தன் நிக்கும்னான், ஒருத்தன் நிக்காதுன்னான். எவனை நம்பி ஏர்றது?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடைமேடையின் முனைக்கு வந்தபோது பின்னாலிருந்து நிற்காத வண்டி ஒன்று வந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். நானும் திரும்பினேன். அப்பா திரும்பவில்லை. நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஆனாலும் அவர் கண்ணுக்கு மேல் கையைக் குடையாக வைத்துக்கொண்டு, தூசிக்குள், ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.