கடைசிச் சரணம்

அவள் புருஷனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். வீட்டில் இருக்கிறவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து முடியவில்லை.

வீட்டில் கண்ணாடிக்குப் பதில் இசைத்தட்டு. கூடத்து நடுவில் ஒரு மர நாற்காலி. அதை விரல்கடை நகர்த்தினாலும் பிரளயம் வரும். அவளை அதில் உட்காரவைத்து ஊசியை இறக்குவார். பல்லவி ஓடும், புல்லாங்குழல் வரும், முதல் சரணத்துக்குமுன் பாடுகிறவள் மூச்சை இழுப்பாள். அங்கே ஊசியைத் தூக்கிவிடுவார். பின்பக்கம் குனிந்து ஒயரை மாற்றுவார், இல்லையென்றால் பெட்டிக்கு அடியில் ரப்பர் துண்டைச் செருகுவார். மறுபடி பல்லவி, மறுபடி புல்லாங்குழல், மறுபடி அந்த மூச்சு.

"முதல்ல போட்டது நல்லாருக்கா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

என்றைக்கும் அதே பதில்தான். முதலாவது என்று சொன்னால் எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி மாட்டி இன்னொரு தரம் கேட்கச் சொல்வார். இதை அவள் முதல் வருஷமே கண்டுகொண்டாள். அவளுக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை. தையல் மெஷின் உள் அறையில் காத்துக்கிடக்கும். பாட்டு ஓடும்போது மெஷின் ஓடக் கூடாது, மின்விசிறி ஓடக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது. ஒருமுறை சுவரில் சத்தம் எதிரொலிக்கிறது என்று, வாடிக்கையாளருக்காகத் தைத்து வைத்திருந்த சீலையை எடுத்து ஆணி அடித்து மாட்டிவிட்டார். ஓட்டைகளை மறைக்க அவள் பூ வேலை செய்து கொடுத்தாள். அந்த அம்மாள் அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

மகள் சமையலறையில் உட்கார்ந்தே படித்து முடித்தாள். "அம்மா, இந்த வீட்டுல தும்மணும்னாகூட அப்பாகிட்ட விண்ணப்பம் போடணும்" என்பாள். வேலை கிடைத்ததும் விட்டால் போதும் என்று வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அவர் எப்போதும் போடுகிற அந்த ஒரே இசைத்தட்டு அவளுடையது. கல்யாணத்துக்கு அவள் அக்கா வாங்கிக் கொடுத்தது. பிறந்த வீட்டில் இருந்த ஓட்டை உடைசல் பெட்டியில் அந்தப் பாட்டைப் போட்டு இரண்டு பேரும் கூடவே பாடுவார்கள். கடைசிச் சரணம் மட்டும் அக்காவுக்கு. அதில் இவள் வாயைத் திறந்தால் கிள்ளு விழும். கல்யாணமான மறு வருஷமே அக்கா செத்துப்போய்விட்டாள். அதற்குப் பிறகு கடைசிச் சரணத்தை அவள் கேட்கவே இல்லை.

அவரிடம் கெஞ்சிப் பார்க்காமல் இல்லை. "ஏங்க, ஒரே ஒரு தடவை முழுசா ஓட விடுங்களேன்."

"இரும்மா, சத்தம் சரியா வரட்டும். அரைகுறையா கேட்டு என்ன பிரயோஜனம்?"

சத்தம் சரியாக வருவதாகக் காணோம். வருஷம் போகப் போக அந்த மூச்சில் ஏதோ கரகரக்கிறது என்று மனுஷன் தவியாய்த் தவித்தார். ஊசியை மாற்றினார், பெட்டியை மாற்றினார், ஜன்னலையே செங்கல் வைத்து அடைத்தார். தட்டில் மட்டும் குறை இருக்கவே முடியாது என்பது அவர் கட்சி. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவர் கையாலேயே கழுவித் துடைக்கிற தட்டாயிற்றே!

போன மழைக்காலத்தில் யாரோ பழைய ஆம்ப்ளிஃபையர் விற்கிறார்கள் என்று வெளியூர் கிளம்பினார். மத்தியானம் தையலை முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தவள், கதவைத் தாழிட்டாள். தன் வீட்டில் தானே திருடப் போகிறவள் மாதிரி அடிமேல் அடி வைத்துப் பெட்டியருகே போனாள். எந்த விசை எங்கே என்று பார்த்துப் பார்த்தே பாடமாகியிருந்தது. ஊசியை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

பல்லவி இரைச்சலாக வந்தது. புல்லாங்குழல் சளி பிடித்த மாதிரி வந்தது. அந்த மூச்சு வெறும் கரகரப்பு. ஊசி அந்த இடத்தைத் தாண்டியதும் இரைச்சல் சட்டென்று விலகியது. பாடுகிறவள் கூடத்துக்குள் வந்து நின்றுவிட்டாள். கடைசிச் சரணம் நேற்று கடையில் வாங்கிய தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. அவள் வாயைத் திறக்காமல் கேட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

அழுது முடித்தபோது விஷயம் விளங்கிவிட்டது. ஒயரும் இல்லை, சுவரும் இல்லை. ஒரே இடத்தில் ஊசியைப் போட்டுப் போட்டுத் தட்டைத் தேய்த்ததே இவர்தான். தேய்ந்த இடத்துக்கு மருந்து தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறார். தொடாமல் விட்ட இடத்தில் அவர் தேடியது அப்படியே இருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒரு நப்பாசை. விஷயம் தெரிந்தால் இந்த மனுஷன் அடங்கி, ஒரு சாயங்காலமாவது பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்பார், அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்பார் என்று நினைத்தாள்.

அவர் வந்ததும் சொன்னாள்.

"நீயா ஊசியை வச்சே?" என்றார் முதலில்.

"ஆமா. நீங்களும் கேளுங்க. கடைசி வரைக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்தார். தேய்ந்த இடம் ஓடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். கடைசிச் சரணம் வந்தபோது அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். அவர் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அவர் எழுந்து ஊசியைத் தூக்கிவிட்டார்.

"அடடா, என்ன சுத்தம்! இத்தனை நாளா இது தெரியாம போச்சே. இரு, அந்தப் பழைய ஒயரை மாட்டி இந்த இடத்தைப் போட்டுப் பார்ப்போம். நீ நாற்காலில போய் உக்காரு."

அன்றிலிருந்து கூடத்தில் கடைசிச் சரணம்தான். முதல் அடி, தூக்கு; முதல் அடி, தூக்கு. அக்காவுக்கென்று மிச்சமிருந்த இடத்தைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்ததை நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது. அவரைவிடத் தன்மேல்தான் ஆத்திரம் அதிகம். அடுத்த கோடைக்குள் அந்தச் சரணமும் கரகரக்கத் தொடங்கியது. வெளியூரிலிருந்து வாங்கி வந்த ஆம்ப்ளிஃபையர் சரியில்லை என்றார்.

இப்போதெல்லாம் அவர் கூப்பிட்டால் அவள் எழுந்து போவதில்லை. தையல் மெஷினையும் நிறுத்துவதில்லை. நேற்றும் கூப்பிட்டார். "இந்தாம்மா, புது ஒயர் வந்திருக்கு. எது நல்லாருக்குன்னு கேட்டுச் சொல்லு."

"ரெண்டாவது" என்று மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள். அவர் அதுவரை ஊசியை இறக்கவே இல்லை.

"நானும் அதான் நெனச்சேன்" என்றார் கூடத்திலிருந்து.